கிணறு எண் 5: வாக்கர்டனின் ஆடாத எண்

0.5. 0.75. 0.5. 0.75. 0.75.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்டன் என்றொரு சிற்றூர். அந்த ஊர்க் குடிநீர்க் கிணறுகளின் தினசரித் தாளில், தண்ணீரில் எஞ்சிய குளோரின் எவ்வளவு என்று எழுதவேண்டிய கட்டத்தில், வருடக்கணக்காக இந்த இரண்டு எண்கள்தான் பெரும்பாலும் மாறி மாறி வந்தன. அலகு, லிட்டருக்கு மில்லிகிராம். மாகாணம் எதிர்பார்த்த அளவு 0.5. அதாவது தாளைப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. சொல்லப்போனால் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது.

தண்ணீர் வேலையில் இருக்கிறவர்களுக்கு இந்தத் தாளைப் பார்த்ததுமே உறுத்தவேண்டும். எஞ்சிய குளோரின் அப்படி ஓரிடத்தில் நிற்காது. காலையில் 0.42 இருக்கும், மழை பெய்த மறுநாள் 0.3-க்கு இறங்கும், மருந்துக் கரைசலைப் புதிதாக மாற்றினால் 0.8-க்கு ஏறும். ஆடவேண்டிய எண் அது. ஆடாமல் நிற்கிறது என்றால், அளக்காமல் எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அளக்காமல்தான் எழுதினார்கள். 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்த ஊரில் 7 பேர் இறந்தார்கள். சுமார் 4,800 பேர் வாழ்ந்த ஊரில் ஊராரும் வந்துபோனவர்களுமாக 2,300 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். 65 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 27 பேருக்கு ரத்த அணுக்கள் சிதைந்து சிறுநீரகம் செயலிழக்கும் எச்.யு.எஸ். என்ற கொடிய சிக்கல் வந்தது. இறந்தவர்களில் ஒரு சிறு குழந்தையும் உண்டு. காரணம் இரண்டு கிருமிகள்: இ.கோலை ஓ157:எச்7, கேம்பிலோபாக்டர். இரண்டுமே குளோரினுக்கு எளிதில் சாகிறவை. இந்த விஷயத்தில் மனசு ஆறாத இடம் அதுதான். புதுவகைக் கிருமி, கண்டுபிடிக்க முடியாத நஞ்சு என்று எதுவும் இல்லை. சொன்ன அளவு மருந்தைப் போட்டு, சொன்னபடி தினம் ஒருமுறை அளந்திருந்தால் இந்த ஊரின் பெயர் வெளியே யாருக்கும் தெரிந்திருக்காது.

கிணறு

வாக்கர்டனுக்கு அப்போது தண்ணீர் தந்தவை 5, 6, 7 என்று எண்ணிட்ட மூன்று ஆழ்துளைக் கிணறுகள். பார்த்துக்கொண்டது ஊர்ப் பொதுப் பயன்பாட்டு ஆணையம். தேர்ந்தெடுக்கப்பட்ட சில ஆணையர்கள், ஒரு பொது மேலாளர், ஒரு ஃபோர்மன், விரல்விட்டு எண்ணக்கூடிய ஊழியர்கள். தண்ணீரோடு மின் விநியோகமும் அவர்கள் பொறுப்பு. நம் பக்கத்துப் பேரூராட்சிக் குடிநீர்ப் பிரிவை நினைத்துக்கொண்டால் போதும்.

கிணறு 5-ஐ ஆழ்துளைக் கிணறு என்று சொல்வதே கொஞ்சம் தாராளம். 1978-இல் போட்டது. பக்கவாட்டு மண்ணும் நீரும் உள்ளே வராதபடி இறக்கும் கேசிங் குழாய் வெறும் 5 மீட்டர்தான் போயிருந்தது. தண்ணீர் மொத்தமும் 5 முதல் 8 மீட்டர் ஆழத்துக்குள், வெடிப்பு விழுந்த பாறையிலிருந்து வந்தது. பாறைக்கு மேல் மண்போர்வை மெல்லியது. மண் கனமாக இருந்தால் மேலிருந்து இறங்கும் நீரை அது வடிகட்டும். வெடிப்புப் பாறையோ வடிகட்டாது, வாய்க்கால் மாதிரி நேரே கொண்டுவந்து கொட்டும். பக்கத்திலேயே பண்ணை நிலம்.

இது யாருக்கும் தெரியாத ரகசியமும் அல்ல. கிணறு போட்டபோதே நடந்த பம்பிங் சோதனையில், மோட்டார் ஓடியபோது அருகிலிருந்த ஊற்றுகளின் ஓட்டம் குறைந்தது. மேலே ஓடும் நீருக்கும் கிணற்றுக்கும் தொடர்பு இருக்கிறது என்று கிணறே சொன்ன மாதிரி. சோதனை நீரில் மலவகைக் கிருமிகளும் தென்பட்டன. கிணற்றைச் சுற்றி ஒரு பாதுகாப்பு வளையம் வேண்டும், பக்கத்து நிலத்தை ஊர் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம் என்று நிலத்தடி நீர் ஆய்வாளர்கள் எழுதிக்கொடுத்தார்கள். நிலம் வாங்கவில்லை. 1979-இல் மாகாணச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒப்புதல் தந்தது. இவ்வளவு குளோரின் போடு, இப்படி அளந்து பார் என்ற நிபந்தனை எதுவும் அந்த ஒப்புதலில் இல்லை. ஊரின் தேவையில் பாதியளவைத் தனியாகத் தரக்கூடிய கிணறு அது.

1994-இல் மாகாணத்தின் குடிநீர் வழிகாட்டி திருத்தப்பட்டது. மேற்பரப்பு நீரின் தாக்கம் நேரடியாக இருக்கும் கிணறுகளில், எஞ்சிய குளோரினையும் கலங்கலையும் இடைவிடாமல் அளக்கும் கருவி வேண்டும் என்று அதில் வந்தது. கிணறு 5 அந்த வகைக்குக் கச்சிதமாகப் பொருந்துவது. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய கிணறுகளில் எவையெவை இந்த வகையில் வரும் என்று கோப்புகளைத் திரும்பப் புரட்டிப் பார்க்கும் வேலைத்திட்டம் அமைச்சகத்தில் இல்லை. விதி மாறியது, கிணறு பழைய விதியிலேயே ஓடியது.

குளோரின் கணக்கு

இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும். எஞ்சிய குளோரின் என்றால் என்ன என்று புரியாவிட்டால் அந்தத் தாளில் எழுதிய பொய் எவ்வளவு பெரியது என்பது பிடிபடாது.

தண்ணீரில் போடும் குளோரினைச் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் இருக்கும் அழுக்கு, சாணக் கரைசல், கிருமிகள் எல்லாம் கடன்காரர்கள். சம்பளம் வந்ததும் கடன் போகும். எல்லாம் போக மாதக் கடைசியில் கையில் நிற்கிறதே, அதுதான் எஞ்சிய குளோரின். 15 நிமிடம் கழித்து அளந்தால் கையில் 0.5 நிற்கவேண்டும் என்பது ஒன்டாரியோவின் கணக்கு. நின்றால், கடன் முழுக்க அடைந்துவிட்டது, மிச்சமும் இருக்கிறது என்று பொருள். ஒன்றும் நிற்கவில்லை என்றால் தண்ணீரில் ஏதோ பெரிய கடன்காரன் புகுந்துவிட்டான்.

ஆகவே இந்த எண் மருந்தின் அளவை மட்டும் சொல்லுவதில்லை. ஊருக்குள் போகப்போகிற தண்ணீரின் நிலைமையையே சொல்கிறது. கிருமிச் சோதனையின் முடிவு வர இரண்டு நாள் ஆகும், அதற்குள் தண்ணீரைக் குடித்து முடித்திருப்பார்கள். குளோரின் சோதனைக்கு இரண்டு நிமிடம். ஒரு சிறு குப்பியில் தண்ணீர் பிடித்து, மருந்தைப் போட்டு, நிறத்தைப் பார்த்தால் முடிந்தது. சின்ன ஊர் ஒன்றிடம் இருக்கும் ஒரே உடனடி எச்சரிக்கை மணி அது.

வாக்கர்டனில் போட்ட மருந்தே வழக்கமாகக் குறைவு. குளோரின் வாடை அடிக்கிறது என்று ஊரார் குறைசொல்வார்கள். (எந்த ஊரில்தான் சொல்வதில்லை!) அந்தக் குறையைக் கேட்டுக் கேட்டு அளவைக் குறைத்தார்கள். ஊழியர்களே பம்ப் ரூமில் குளோரின் கலக்காத பச்சைத் தண்ணீரைத்தான் குடித்தார்கள், சுவையாக இருக்கிறது என்று. பூமிக்கடியிலிருந்து வருகிற தண்ணீருக்கு என்ன வந்துவிடப்போகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. மாதிரி எடுத்த இடத்தையும் பல முறை பொய்யாகவே எழுதினார்கள். ஊருக்குள் ஒரு வீட்டுக் குழாயில் பிடித்ததாகச் சீட்டு ஒட்டியிருக்கும், உண்மையில் பம்ப் ரூமிலேயே பிடித்த தண்ணீராக இருக்கும்.

மேலாளர் ஸ்டான் கோபெல், ஃபோர்மன் பிராங்க் கோபெல். இருவரும் சகோதரர்கள். 1970-களில் இளைஞர்களாக வேலையில் சேர்ந்து, மூத்தவர்கள் செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள். தாளில் எண்ணை இட்டுக்கட்டுவதும் அப்படி வந்த பழக்கம்தான். மாகாணம் உரிமமுறை கொண்டுவந்தபோது, ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு அனுபவத்தைக் கணக்கில் வைத்துத் தேர்வில்லாமல் உரிமம் கொடுத்தது. இவர்களும் அப்படி வாங்கியவர்கள். இ.கோலை குடிநீரில் இருந்தால் என்ன ஆகும் என்பது ஸ்டானுக்குத் தெளிவாகத் தெரியாது என்பது பின்னால் விசாரணையில் வெளிவந்தது.

மழை

மே 8 முதல் 12 வரை ஐந்து நாளில் 134 மில்லிமீட்டர் மழை. அதில் ஏறத்தாழ பாதி 12-ஆம் தேதி ஒரே நாளில். கிணறு 5-க்கு அருகிலிருந்த பண்ணையில் அதற்குச் சில வாரம் முன்பு சாண எரு போட்டிருந்தார்கள். பண்ணைக்காரர் மேல் பிழையில்லை, எருவை எப்படிப் போடவேண்டுமோ அப்படித்தான் போட்டிருந்தார் என்று விசாரணை தெளிவாகச் சொல்லிவிட்டது. மழைநீர் எருவில் ஊறி, மெல்லிய மண்ணைத் தாண்டி, பாறை வெடிப்பில் இறங்கி, கிணற்றுக்குள் வந்தது.

மே 10 முதல் 15 வரை ஊருக்கு முக்கியமாகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தது கிணறு 5. சாணக் கரைசல் வந்த வேகத்துக்குப் போட்ட கொஞ்ச நஞ்ச குளோரினும் கரைந்து காணாமல் போயிருக்கும். 13-ஆம் தேதி சனிக்கிழமை யாராவது ஒருவர் அந்தக் குப்பியைப் பிடித்து நிறம் பார்த்திருந்தால், நிறமே வந்திருக்காது. அன்றைக்கும் தாளில் 0.75 என்றுதான் இருந்தது.

ஸ்டான் அந்த வாரம் ஊரில் இல்லை. மே 5-இலிருந்து 14 வரை வெளியூரில் மாநாட்டுக்குப் போயிருந்தார். போகும்போது தம் சகோதரரிடம் ஒரு வேலை சொல்லிவிட்டுப் போனார்: கிணறு 7-இல் புதுக் குளோரின் கருவியைப் பொருத்து. அந்தக் கருவி வாங்கி ஒரு வருடத்துக்கு மேல் சும்மா கிடந்தது. பழையதைக் கழற்றிவிட்டார்கள், புதியதைப் பொருத்தவில்லை. இதனால் மே 3 முதல் 9 வரை கிணறு 7 குளோரினே இல்லாமல் ஓடியது. 15-ஆம் தேதி திரும்பி வந்த ஸ்டான், கருவி இன்னும் பொருத்தாததைப் பார்த்தும் 19 வரை மறுபடி அப்படியே ஓடவிட்டார்.

ஒரு வாரம்

மே 15, திங்கள். வழக்கமான மாதிரிகள் எடுத்து ஒரு தனியார் லேபுக்கு அனுப்பினார்கள்.

மே 17, புதன். லேபிலிருந்து ஆணையத்துக்குப் பேக்ஸ் வந்தது. தண்ணீரில் அசுத்தம் கலந்ததைக் காட்டும் கோலிபார்ம் கிருமிகள் இருக்கின்றன, இ.கோலையும் இருக்கிறது. லேப் இந்த முடிவை அமைச்சகத்துக்கோ சுகாதார அலுவலகத்துக்கோ சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று வழிகாட்டியில் இருந்தது, சட்டத்தில் இல்லை. இந்த லேப் அந்த மாதம்தான் வாக்கர்டன் வேலையை எடுத்திருந்தது. முடிவு வாடிக்கையாளருக்குரிய ரகசியம் என்பது அவர்கள் நடைமுறை. 1996 வரை அரசு லேபே சோதித்துக் கொண்டிருந்தது, அதைத் தனியாருக்கு விட்டபோது யாருக்குச் சொல்லவேண்டும் என்பதைச் சட்டமாக்காமல் விட்டார்கள். 1997-இலேயே சுகாதார அமைச்சர் சுற்றுச்சூழல் அமைச்சருக்குக் கடிதம் எழுதி இதைச் சட்டமாக்கக் கேட்டார். வழிகாட்டியே போதும் என்று பதில் வந்தது.

மே 18, 19. ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கோடு குழந்தைகள் மருத்துவமனைக்கு வர ஆரம்பித்தார்கள். ஓவன் சவுண்ட் நகரில் ஒரு குழந்தை மருத்துவர், இரண்டு குழந்தைகளும் வாக்கர்டனிலிருந்து வந்ததைக் கவனித்து, 19-ஆம் தேதி சுகாதார அலுவலகத்துக்குத் தகவல் சொன்னார். இ.கோலை என்றதும் அங்கெல்லாம் முதலில் சந்தேகப்படுவது சரியாக வேகாத மாட்டிறைச்சியை. ஆனாலும் அலுவலகத்தினர் ஸ்டானுக்குப் போன் செய்து தண்ணீரைப் பற்றிக் கேட்டார்கள். பேக்ஸ் வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்றார் ஸ்டான்.

அன்று மதியத்துக்குள் கிணறு 7-இல் புதுக் குளோரின் கருவியைப் பொருத்திவிட்டார்கள். மாலையிலிருந்து குழாய்களைத் திறந்துவிட்டுக் கழுவி, குளோரினை அள்ளிக் கொட்டினார்கள். மறுநாளும் சுகாதார அலுவலகம் கேட்டது. அமைச்சகமும் கேட்டது. மழுப்பினார்.

மே 20, சனி. மாகாணத்தின் கசிவுத் தகவல் மையத்துக்குப் பெயர் சொல்லாமல் ஒருவர் போன் செய்து, வாக்கர்டன் தண்ணீரில் சோதனை முடிவு மோசம் என்றார். பேசியது ஆணையத்தின் ஊழியர் ஒருவரே. இந்த நிகழ்வு முழுக்கத் தேடினாலும், தன் பிழைப்பைப் பணயம் வைத்துத் தொலைபேசியை எடுத்தவர் அவர் ஒருவர்தான் என்று எனக்குப் படுகிறது.

மே 21, ஞாயிறு, மதியம் 1.30. யார் சொல்வதையும் இனி நம்பிக் காத்திருக்க முடியாது என்று சுகாதார அலுவலகம் கொதிக்கவைத்துக் குடிக்கும்படி அறிவிப்பு கொடுத்தது. உள்ளூர் வானொலியில்தான் கொடுத்தது. நீண்ட விடுமுறை வாரக்கடைசி. வானொலி கேட்காதவர்கள் குழாய்த் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தார்கள். வீடுவீடாகத் துண்டுச்சீட்டு போகவில்லை, தொலைக்காட்சியில் வரவில்லை. மறுநாள் முதல் மரணம். 23-ஆம் தேதி சுகாதார அலுவலகம் தானே எடுத்த மாதிரிகளில் இ.கோலை உறுதியானது.

எதை மறைத்தார்?

இந்த நிகழ்வைப் படிக்கும்போதெல்லாம் நான் நின்றுவிடும் இடம் இது. ஸ்டான் பொய் சொன்னது கிணறு 7 குளோரின் இல்லாமல் ஓடியதை மறைக்க. மே 22-ஐ ஒட்டி அந்தக் கிணற்றின் தினசரித் தாளைக்கூட மாற்றி எழுதவைத்தார். ஆனால் ஊரைக் கொன்றது கிணறு 7 இல்லை. அது 70 மீட்டருக்கும் மேல் ஆழமானது. கிருமி வந்தது கிணறு 5 வழியாக. அதில் குளோரின் கருவி இருந்தது, ஓடவும் செய்தது. தப்பு என்று தெரிந்த ஒன்றை மறைக்க அவர் பாடுபட்டார். தப்பென்றே தெரியாத ஒன்று, அதாவது பல வருடமாக எழுதிவந்த 0.75, கண்ணெதிரே கிடந்தது. அதை மறைக்கவேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

தாம் சொன்ன பொய்யால் ஊர் செத்துப்போகும் என்று அவர் நினைக்கவில்லை, குளோரின் கொட்டிக் கழுவினால் சரியாகிவிடும் என்றே நம்பினார் என்று விசாரணை ஆணையர் நீதிபதி டென்னிஸ் ஓ'கானர் எழுதினார். எழுதிவிட்டு இதையும் சேர்த்தார்: 19-ஆம் தேதியே உண்மையைச் சொல்லி, அன்றே அறிவிப்பு வந்திருந்தால், 300 முதல் 400 பேர் நோயில் விழாமல் தப்பியிருப்பார்கள்.

2004 இறுதியில் இருவரும் பொதுத் தொல்லை விளைவித்த குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஸ்டானுக்கு ஓராண்டுச் சிறை. பிராங்குக்கு ஒன்பது மாத வீட்டுக்காவல்.

மேலே இருந்தவர்கள்

இரண்டு பேரைத் தண்டித்துவிட்டு இதை முடித்திருக்கலாம். பல ஊர்களில் அப்படித்தான் முடிக்கிறார்கள். மோட்டார் ஆபரேட்டர் சஸ்பெண்ட், கோப்பு மூடல். ஓ'கானரின் முதல் அறிக்கை 2002 ஜனவரியில் வந்தபோது, அதில் பெரும்பகுதி இந்த இருவருக்கு மேலே இருந்தவர்களைப் பற்றியது.

கிணறு 5-இல் எஞ்சிய குளோரினையும் கலங்கலையும் இடைவிடாமல் அளக்கும் கருவி இருந்திருந்தால், இந்த நோய்ப்பரவலே நடந்திருக்காது என்பது அவரது தீர்மானம். அளவு குறைந்ததும் மணி அடித்து மோட்டாரை நிறுத்தியிருக்கும். கருவி பொய் எழுதாது. ஆபரேட்டர்கள் சொன்னபடி தினமும் கையால் அளந்திருந்தால், நோய்ப்பரவல் முழுக்க நின்றிருக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் அதன் அளவு பெரிதும் குறைந்திருக்கும் என்றார். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்தை அவர் கவனமாக வைத்திருக்கிறார். முதலாவது அமைச்சகத்தின் பொறுப்பு, இரண்டாவது கோபெல் சகோதரர்களின் பொறுப்பு.

அமைச்சக ஆய்வாளர்கள் 1991, 1995, 1998 என்று பத்து வருடத்தில் மூன்று முறை வந்தார்கள். 1998-இல் வந்தவர் குளோரின் போதவில்லை, இ.கோலை தென்பட்டிருக்கிறது, மாதிரிகள் குறைவு என்பதையெல்லாம் எழுதிக்கொண்டு போனார். அதைச் சரிசெய்யச் சொல்லிக் கடிதம்தான் வந்தது, சட்டபூர்வ உத்தரவு வரவில்லை. ஸ்டான் செய்கிறேன் என்றார். ஆணையர்கள் அறிக்கையைப் பார்த்துவிட்டு அவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டார்கள். அதன் பிறகு 2000 மே வரை யாரும் வந்து செய்தாயா என்று கேட்கவில்லை. முன்னறிவிப்பில்லாமல் ஒருநாள் வந்து, தானே ஒரு குப்பியில் தண்ணீர் பிடித்துப் பார்த்துவிட்டு, அன்றைய தாளில் எழுதியிருந்ததோடு ஒப்பிட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஏன் வரவில்லை என்பதற்குப் பின்னால் ஒரு பட்ஜெட் இருக்கிறது. 1995-க்குப் பிறகு வந்த மாகாண அரசு சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் செலவில் 20 கோடி டாலருக்கு மேல் வெட்டியது. 750-க்கும் மேற்பட்ட பணியிடங்கள், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு, போயின. இதனால் ஆபத்து கூடும் என்று எச்சரிக்கை வந்தும் யாரும் அதை அளந்து பார்க்கவில்லை என்று நீதிபதி பதிவு செய்தார். அப்போதைய முதல்வர் மைக் ஹாரிஸ் விசாரணையில் நேரில் சாட்சி சொன்னார்.

எனக்கு இன்னொரு வார்த்தைதான் முக்கியமாகப் படுகிறது. 0.5 என்ற அளவு இருந்த ஆவணத்தின் பெயர் 'ஒன்டாரியோ குடிநீர் நோக்கங்கள்'. நோக்கங்கள். சட்டம் இல்லை, விதி இல்லை, நோக்கம். மீறினால் என்ன என்று கேட்டால், நோக்கம் நிறைவேறவில்லை, அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லின் இடுக்கில்தான் லேபின் மௌனமும் ஆய்வாளரின் கடிதமும் ஆணையர்களின் அலட்சியமும் வசதியாக உட்கார்ந்திருந்தன. நம்மூர்க் குழாய்த் தண்ணீருக்கான ஐ.எஸ். 10500-உம் எஞ்சிய குளோரின் குறைந்தது 0.2 மில்லிகிராம் வேண்டும் என்கிறது. அதுவும் தரநிர்ணயம்தான், மீறினால் தண்டிக்கும் சட்டம் இல்லை.

அப்புறம்

கொதிக்கவைத்துக் குடிக்கும் அறிவிப்பு வாக்கர்டனில் அந்த டிசம்பர் வரை நீடித்தது. ஊரின் குழாய்களைக் கழுவிச் சுத்தம் செய்து, தேவையான இடங்களில் புதுக் குழாய் பதித்து, நம்பிக்கை வர ஆறு மாதத்துக்கு மேல் ஆனது. பெரும்பாலோர் தேறினார்கள். சிலருக்குச் சிறுநீரகக் கோளாறும் ரத்த அழுத்தமும் குடல் தொந்தரவும் தங்கிவிட்டன.

'நோக்கம்' சட்டமானது. 2000 ஆகஸ்டிலேயே அவசர விதி வந்தது. 2002-இல் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் வந்தது. டொரான்டோவிலும் ஸ்கார்பரோவிலும் குழாயைத் திறக்கும் நம் தமிழர் வீடுகளுக்கும் தண்ணீர் இன்று இந்தச் சட்டத்தின்படிதான் வருகிறது. மோசமான முடிவு வந்தால் லேபே உடனடியாக அமைச்சகத்துக்கும் சுகாதார அலுவலகத்துக்கும் நேரடியாகச் சொல்லவேண்டும். லேபுக்கு அங்கீகாரமும் உரிமமும் வேண்டும். ஆபரேட்டருக்குத் தேர்வு எழுதாமல் உரிமம் கிடையாது, பழைய ஆள் என்ற சலுகையும் போய்விட்டது. 2006-இல் கிணற்றைச் சுற்றியுள்ள நிலத்தையே காக்கும் தூய நீர்ச் சட்டம் வந்தது. 1978-இல் வாங்கலாமே என்று சொல்லி வாங்காமல் விட்ட அந்தப் பாதுகாப்பு வளையம் இருபத்தெட்டு வருடம் கழித்துச் சட்டமாக வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். வாக்கர்டனிலேயே 2004-இல் ஒரு பயிற்சி மையம் தொடங்கினார்கள். மாகாணத்தின் சின்ன ஊர் ஆபரேட்டர்கள் அங்கே வந்து படிக்கிறார்கள்.

2002-இன் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டத்தில் 19-ஆம் பிரிவு ஒன்று உண்டு. அது எல்லாவற்றுக்கும் கடைசியாக, 2013 ஜனவரி 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஊர்க் குடிநீர் அமைப்பை மேற்பார்வை பார்க்கிறவர்கள், ஊர் மன்ற உறுப்பினர்கள் உட்பட, பொறுப்பான மனிதர் காட்டவேண்டிய அக்கறையைக் காட்டவேண்டும், தவறினால் அபராதமோ சிறையோ உண்டு என்கிறது அது. நிபுணர் சொன்னதை நல்லெண்ணத்தோடு நம்பினேன் என்று ஓர் உறுப்பினர் சொல்லலாம், சட்டம் அதை ஏற்கும். மேலாளர் பார்த்துக்கொள்வார் என்று விட்டேன் என்று சொன்னால் ஏற்காது.